வெள்ளைச் சட்டைக்கு அளக்கும் மீட்டர்

கருவிக்குச் சாதி கிடையாது என்று நம் தோழர்களே சொல்லக் கேட்கிறேன். ரயிலுக்குச் சாதி இல்லை, மின்சாரத்துக்குச் சாதி இல்லை, கேமராவுக்கும் இல்லையாம். பொத்தானை அமுக்கினால் எதிரில் இருப்பது விழும், அவ்வளவுதானே என்கிறார்கள். சரி, ஒரு கேள்வி. நண்பகல் வெயிலில் நடந்த நம் கூட்டத்துப் படங்களை எடுத்துப் பாருங்கள். மேடைத் துணியின் மடிப்பு தெரிகிறது. தலைவரின் சட்டைப் பையில் செருகிய பேனா தெரிகிறது. பின்னால் மேகம்கூடத் தெரிகிறது. தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் முகம் மட்டும் ஏன் கருந்திட்டாகக் கிடக்கிறது? அவர்களும் கேமராவுக்கு எதிரில்தானே இருந்தார்கள்?

கலர் நெகட்டிவ் பிலிமில், வெட்டவெளியில், ஒரு படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் கொடுப்பது என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். லென்ஸின் துளையை எவ்வளவு திறப்பது, ஷட்டரை எவ்வளவு நேரம் விடுவது என்ற இரண்டு முடிவுகள். எக்ஸ்போஷர் என்பார்கள். இயக்கப் பத்திரிகையில் இதென்ன போட்டோ பாடம் என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'பிலிமே செத்துப்போச்சே தோழர்' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோடாக் நிறுவனம் 2012இல் திவால் மனு கொடுத்தது உண்மைதான். ஆனாலும் அதன் கோல்டு 200, கலர்பிளஸ் 200, அல்ட்ராமேக்ஸ் 400 ரோல்கள் இன்றும் விற்கின்றன. காட்சித் தொடர்பியல் படிக்கிற நம் பிள்ளைகள் பழைய கேமராக்களைத் தேடிப்பிடித்து, கைக்காசைப் போட்டு ரோல் வாங்கி எடுக்கிறார்கள். விலையைக் கேட்டால் வயிறு எரிகிறது. ஒரு ரோலில் 36 படம். அந்த 36லும் நம் சனங்களின் முகம் விழவில்லை என்றால் அது வெறும் காசு நட்டம் மட்டும்தானா?

மீட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு முகம் தெரியாது, சட்டை தெரியாது, ஆள் தெரியாது. தன்மேல் வந்து விழுகிற வெளிச்சத்தைக் கூட்டிக் கழித்து, எதிரில் இருப்பதெல்லாம் சேர்ந்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொள்ளும். தன்மேல் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். வெள்ளையடித்த சுவரைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். அதற்காக வெளிச்சத்தைக் குறைக்கும். எருமையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். அதற்காக வெளிச்சத்தைக் கூட்டும். இந்த ஒரு புத்திதான் அதற்கு உண்டு.

இப்போது நம் கூட்டத்துக்கு வருவோம். வெளிச்சம் ஒருமடங்கு கூடினாலோ பாதியாகக் குறைந்தாலோ அதை ஒரு ஸ்டாப் என்பார்கள். வெளுத்த வெள்ளைச் சட்டை அந்த நடுச்சாம்பலைவிட 2 ஸ்டாப்புக்குச் சற்று மேலே இருக்கிறது. வெயிலில் உழைத்துக் கறுத்த முகம் ஏறத்தாழ 1 ஸ்டாப் கீழே. ஆக, ஒரே வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சட்டைக்கும் முகத்துக்கும் இடையில் 3 ஸ்டாப். உச்சி வெயிலில் புருவத்துக்குக் கீழே விழும் நிழல் இன்னொரு 2 ஸ்டாப்பைத் தின்னும். படத்தின் நடுவில் வெள்ளை வேட்டி சட்டையோடு ஒருவர் நின்றால், மீட்டர் அந்தச் சட்டையைச் சாம்பலாக்குவதற்காக வெளிச்சத்தைக் குறைக்கிறது. பக்கத்திலிருக்கிற அக்காவின் முகம் சாம்பலுக்கு 3 ஸ்டாப் கீழே போகிறது. கண் 5 ஸ்டாப் கீழே போய்விடுகிறது. அந்தப் பள்ளத்தில் பிலிம் எதையும் பதியாது. பிறகு எந்த லேபில் கொடுத்தாலும் இல்லாததை யார் எடுத்துத் தர முடியும்?

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் பெரும்பாலும் நம் தலைவர்தான்.

மீட்டர் யாருக்கு வேலை செய்கிறது என்றால், யார் வெளுப்பாக, பெரிதாக, நடுவில் இருக்கிறாரோ அவருக்கு. இதைச் சாதி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தில் நடுவில் உட்கார்ந்திருப்பவர் பக்கம் தீர்ப்பு சாய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மீட்டரின் புத்தி சட்டென்று விளங்கிவிடும்.

மீட்டரோடு நின்றுவிடவில்லை. பிலிமுக்கும் லேபுக்கும்கூட ஒரு 'நடு' இருந்தது. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து கலர் லேபுகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி அட்டை என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். உலகத்திலிருக்கிற மற்றத் தோலெல்லாம் அந்த ஷெர்லியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கணக்குத்தான். கனடாவைச் சேர்ந்த லோர்னா ராத் என்ற ஆய்வாளர், கோடாக்கில் வேலை செய்தவர்களிடம் பேசி 2009இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதில் ஒரு செய்தி என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அடர்ந்த பழுப்பு நிறங்களைப் பிலிம் ஒழுங்காகப் பதியவில்லை என்று புகார் சொல்லிக் கம்பெனியை அசைத்தவர்கள் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளுமாம். மர மேசையின் வரி தெரியவில்லை, சாக்லேட்டின் நிற வேறுபாடு தெரியவில்லை என்று அவர்கள் கேட்டபிறகுதான் வேதியியல் நகர்ந்தது. கறுப்பு மனிதர்களுக்காக நகராதது மேசைக்காக நகர்ந்தது. 1980களில் வந்த புதிய பிலிம், மங்கிய வெளிச்சத்திலும் கறுப்புக் குதிரையின் நுணுக்கத்தைப் பதியும் என்று பெருமை பேசப்பட்டது. கறுப்பு மனிதர் என்று சொல்ல வாய் வரவில்லை போலும், குதிரை என்று சொன்னார்கள். பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் மாதிரி அட்டை 1990களின் நடுவில்தான் வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் நிறவெறியை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து 'கறுப்பு என்றால் தலித்' என்று எழுதிவிடுவது சுலபம். அது பொய். நிறத்தை வைத்துச் சாதி சொல்ல முடியாது. நம்மில் சிவந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் கன்னங்கரேல் என்று இருக்கிறார்கள். தீண்டாமைக்கு இன வேறுபாடு அடிப்படை இல்லை என்பதை அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதோர்' நூலில் மூக்கு அளவுகளைக்கூட எடுத்துவைத்து வாதிட்டு மறுத்திருக்கிறார். நான் சொல்வது வேறு. நடவிலும் செங்கல் சூளையிலும் சாலை போடுகிற தாரிலும் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்கள் யார்? நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யார்? வெளுத்ததுதான் அழகு என்று சொல்லிக்கொடுக்கும் சமூகத்தில், 1975இல் வந்து 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட முகப்பூச்சு விற்கும் நாட்டில், கேமராவின் சராசரி யாருக்குச் சாதகமாக விழும்? சந்தேகமிருந்தால் கல்யாண ஆல்பங்களைப் புரட்டுங்கள்.

வட மாவட்டம் ஒன்றில் குடிசைகளைக் கொளுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து நாங்கள் போயிருந்தோம். அதற்கு முன்பே ஒரு நாளிதழின் போட்டோகாரர் வந்து எடுத்துப்போயிருந்தார். அவர் கொடுத்தனுப்பிய பிரிண்ட் ஒன்றை ஒரு பெரியம்மா கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரிந்த வாசல், மிஞ்சிய ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டி, பக்கத்தில் அந்த அம்மா. "இன்னாபா இது, ஆட்டுக்குட்டிக்கு மூஞ்சி கீது, கண்ணு கீது, எனக்கு இல்லியே?" என்று கேட்டது. சிரித்துக்கொண்டேதான் கேட்டது. கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவின் இடது முழங்கையில் தீப்பட்ட காயம். படத்தில் கை இருக்கிற இடத்தில் கறுப்பு.

அப்போதெல்லாம் கோர்ட்டில் போட்டோவைத் தாக்கல் செய்தால் நெகட்டிவ் எங்கே என்பார்கள். எடுத்தவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்து, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் வந்துவிட்டது, சாட்சிக்கு எங்கே போவது? எதிர்த்தரப்பு வக்கீல் படத்தைக் கையில் வாங்கி, இது இந்த அம்மாதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், காயம் எங்கே காட்டுங்கள் என்று கேட்டால் நாம் என்ன சொல்வது? அந்த மாதிரி இடத்தில் 2 ஸ்டாப் என்பது கலை விவகாரம் இல்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கலர் நெகட்டிவின் குணத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. 1 ஸ்டாப் கூடினால் படம் இன்னும் நன்றாகவே வரும், புள்ளி அடிக்காது. 2 கூடினாலும் கெடாது. 3 வரைக்கும் வேறு வழியில்லாத நேரத்தில் போகலாம். குறைவு என்று வந்தால் 1 ஸ்டாப்பிலேயே நிழல் சேறாகத் தொடங்கும். ஸ்லைடு பிலிம் இதற்கு நேர் எதிர். அதில் அரை ஸ்டாப் கூடினால் வெளுத்துவிடும். ஆகவே வெளுப்பான இடத்தைப் பார்த்து அள, கொஞ்சம் குறைத்தே எடு என்று பழைய பத்திரிகைப் போட்டோகாரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். டிஜிட்டலும் ஸ்லைடு மாதிரித்தான். வெளுத்துப்போன இடம் போனதுதான். போனிலும் டிஜிட்டலிலும் கை பழகிய பிள்ளைகள் அதே பழக்கத்தோடு நெகட்டிவுக்கு வருகிறார்கள். வானம் வெளுக்கக் கூடாது, வேட்டி வெளுக்கக் கூடாது என்று பயந்து குறைக்கிறார்கள். வானத்தைக் காப்பாற்றி மனிதரைப் பறிகொடுக்கிறார்கள். இந்தப் பயம் போக வேண்டும். நெகட்டிவில் வேட்டியின் மடிப்பு அவ்வளவு சீக்கிரம் அழியாது. பிரிண்டில் வெளுத்தாலும் பெரும்பாலும் நெகட்டிவுக்குள்ளே இருக்கும், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். முகத்தின் கதை அப்படி இல்லை.

ஆகவே, பெட்டியில் 200 என்று போட்டிருந்தால் கேமராவின் வட்டில் 100 என்று வையுங்கள். 400 என்றால் 200. ரோல் முழுக்க அப்படியே. லேபில் எதுவும் சொல்ல வேண்டாம். சி-41 ரசாயனத்தில் 38 டிகிரியில் மூன்றேகால் நிமிடம் என்று எல்லா ரோலும் போகிறபடி போகட்டும். இது முதல் படி.

இரண்டாவது, மீட்டரை முகத்துக்குக் கொண்டுபோவது. கிட்டே போங்கள். போய், முகம் மட்டும் நிறையும்படி பிடித்து அளந்து, அந்த எண்ணை நிறுத்திவைத்துக்கொண்டு, பின்னால் வந்து எடுங்கள். கறுத்த முகத்தை மீட்டர் நடுச்சாம்பலாக நினைத்துக்கொண்டு 1 ஸ்டாப் கூடுதலாகக் கொடுக்கும். ஸ்லைடாக இருந்தால் அதைத் திருத்திக் குறைக்க வேண்டும். நெகட்டிவில் அப்படியே விடுங்கள். வட்டில் ஏற்கெனவே பாதி வைத்திருப்பதையும் சேர்த்தால் 2 ஸ்டாப் கூடுதல். அதுதான் வேண்டும். கிட்டே போவதில் இன்னொரு லாபம் உண்டு. போட்டோகாரர் தூரத்திலிருந்து டெலி லென்ஸால் சுட்டுவிட்டுப் போகிற ஆளாக இல்லாமல், அருகில் வந்து "அக்கா, இப்பிடிப் பாருங்க" என்று ஒரு வார்த்தை பேசுகிறவராகிறார். அதற்கு எந்த மீட்டரும் இல்லை.

கிட்டே போக முடியாத நேரம் உண்டு. ஊர்வலம் போகிறது, போலீஸ் நிற்கிறது. அப்போது உங்கள் உள்ளங்கையை அளங்கள். மேல்தோல் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளங்கை ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறுவதில்லை. அது நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ 1 ஸ்டாப் வெளுப்பு. ஆகவே அளந்து, 1 ஸ்டாப் திறந்து எடுங்கள். ஒன்று கவனம்: எடுக்கப்போகிற முகத்தின் மேல் எந்த வெளிச்சம் விழுகிறதோ அதே வெளிச்சம் கையிலும் விழ வேண்டும். நீங்கள் மர நிழலில் நின்றுகொண்டு வெயிலில் போகிறவர்களுக்கு அளந்தால் கணக்கு கெடும்.

மீட்டரே இல்லாத கேமரா, அல்லது பேட்டரி தீர்ந்த கேமரா என்றால் பழைய 16 விதி இருக்கிறது. நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் பிலிமின் எண்ணுக்குப் பக்கத்தில். வட்டில் 100 என்றால் 1/125. ஆனால் அந்த விதி வெயில் முகத்தில் நேராக விழும் நேரத்துக்கு எழுதியது. ஏப்ரல் 14 அன்று நண்பகலில் தமிழ்நாட்டில் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நெற்றியும் மூக்கும் பளபளக்கும், கண் இரண்டும் குழி. அன்றைக்கு எஃப் 16ஐ நம்பினால் அம்பேத்கர் சிலையின் நீலக் கோட்டு ஜோராக வரும், மாலை போடுகிறவரின் கண் வராது. 2 ஸ்டாப் திறந்து எஃப் 8, 1/125 வையுங்கள். பந்தலுக்கு அடியிலோ வேப்ப மரத்தடியிலோ என்றால் எஃப் 4, 1/125. மரம் அடர்த்தியாக இருந்தால் 1/60. முதுகுக்குப் பின்னால் வெயில், முகம் நிழலில் என்றால் மரத்தடிக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் எரியட்டும். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து முகத்துக்கு வரும்போதுதான் எஃப் 16 சொல்வது சரியாகும். கூட்டத்தை நான்கு மணிக்கு வைக்கச் சொன்னால் தோழர்கள் அடிக்க வருவார்கள். எப்படியும் தலைவர் வரும்போது ஐந்தாகிவிடும் என்பது வேறு விஷயம்.

எதையும் திருக முடியாத பிளாஸ்டிக் கேமராதான் கையில் இருக்கிறது என்றால் 400 ரோல் போடுங்கள். அந்தக் கேமராவின் துளையும் வேகமும் மாறாதவை. பிலிமின் தாங்குதிறனை நம்பித்தான் அது ஓடுகிறது. வேகமான ரோல் போட்டால் தவறு கூடுதல் பக்கமாகவே விழும்.

காயத்தை எடுக்கும்போது இதெல்லாம் இரட்டிப்பாகப் பொருந்தும். கறுத்த தோலில் அடிபட்ட கன்றல் சிவப்பாகத் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடச் சற்று ஆழ்ந்த நிறமாக, கொஞ்சம் வீக்கமாகத் தெரியும். நேரடி வெயிலில் வியர்வை பளபளத்து அதை மறைக்கும். நேராக ஃபிளாஷ் அடித்தாலும் அதே பளபளப்பு. வாசல் நிழலில் உட்காரவைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி திருப்பி, அந்த இடத்தையே அளந்து, அப்படியே ஒன்றும் 1 ஸ்டாப் கூட்டி ஒன்றும் எடுங்கள். முதலில் முகமும் காயமும் ஒரே படத்தில் வர வேண்டும். பிறகு கிட்டே. காயத்தின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தெரியும்.

நிறம் ஏன் கெடுகிறது என்று கேட்டு ஒரு மாணவர் எழுதியிருந்தார். வெளிச்சம் குறைந்த முகம் இருட்டாக மட்டும் ஆவதில்லை, பச்சையாக, சாம்பலாக, செத்த நிறமாகிறது. கலர் பிலிமுக்குள் நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று மூன்று அடுக்கு இருக்கிறது. மூன்றுக்கும் சோறு கிடைத்தால்தான் பழுப்பு பழுப்பாக வரும். அடர்ந்த பழுப்புத் தோல் நீல வெளிச்சத்தை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்புகிறது. மாலை மஞ்சள் வெயிலில் நீலமே குறைவு. அப்போது ஒரு அடுக்கு பட்டினி கிடக்கிறது. லேபில் எந்த பட்டனை அமுக்கினாலும் பிறகு அது சமநிலைக்கு வராது. வயிறு நிறைய வெளிச்சம் கொடுப்பதுதான் மருந்து.

இனி லேப். அங்கேதான் பெரிய சண்டை. நல்ல நெகட்டிவ் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மெஷின் தன் சராசரியைத் தேடும். பின்னால் வெள்ளை வானம் நிறைய இருந்தால் மொத்தப் பிரிண்டையும் இருட்டாக்கும், முகம் மறுபடி உள்ளே போகும். மெஷினில் உட்கார்ந்திருக்கும் பையன் நல்லவன். அவனுக்கும் அழகு என்றால் என்ன என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு லேபில் எனக்கு நடந்தது இது. "அண்ணே, கொஞ்சம் வெளுப்பாவே போட்டுருக்கேன், ஃபேஸ் பளிச்சுனு கீதுல்ல?" என்றான். பார்த்தால் என் அக்காவே இல்லை. கோதுமை மாவு பூசிய யாரோ ஒருத்தி. "தம்பி, எங்க அக்கா நெறத்துக்குப் போடு" என்றேன். "அவங்க பாத்தா வருத்தப்படுவாங்கண்ணே" என்றான். அவன் சொன்னதும் பொய் இல்லை. அக்காவுக்கு அந்த வெளுத்த படம்தான் பிடித்தது. இதை மறைத்து எழுதி என்ன பயன்?

இந்த இடத்தில்தான் பல தோழர்கள் குழம்புகிறார்கள். வெளிச்சம் கூட்டிக் கொடு என்கிறாய், அப்படியானால் நீயும் வெளுக்கத்தானே சொல்கிறாய் என்கிறார்கள். இல்லை. நெகட்டிவில் எடுக்கும்போது கொடுக்கும் வெளிச்சம் ஒரு முடிவு. பிரிண்டில் எவ்வளவு கறுப்பாக வைப்பது என்பது வேறொரு முடிவு. முதலாவதில் தாராளமாக இருந்தால்தான் இரண்டாவதில் உண்மையாக இருக்க முடியும். நெகட்டிவில் நிறைய விவரம் இருந்தால் முகத்தைக் கறுப்பாகவே பிரிண்ட் போடலாம். கறுப்புக்குள்ளே கன்னத்தின் மேடு, உதட்டின் வரி, கண்ணின் ஈரம் எல்லாம் இருக்கும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்து வளர்ந்த ராய் டிகராவா என்ற கறுப்பினப் புகைப்படக்காரர் இதைக் கறுப்பு வெள்ளையில் வாழ்நாள் முழுக்கச் செய்தார். தன் சனங்களை வெளுத்துக் காட்டாமல், ஆழ்ந்த சாம்பலுக்கும் கறுப்புக்கும் நடுவிலேயே வைத்து அச்சிட்டார். லாங்ஸ்டன் ஹியூஸ் எழுத, இவர் படங்களோடு 1955இல் ஒரு புத்தகம் வந்தது. கறுப்பு என்பது வெளிச்சம் இல்லாத இடம் என்ற எண்ணத்தோடு அந்தப் படங்களைப் பார்க்கவே முடியாது.

லேபில் கேட்க வேண்டியது ஒன்றுதான். மெஷின் தானாகச் செய்யும் திருத்தத்தை நிறுத்தி, முகத்தைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். இப்போது பெரும்பாலும் ஸ்கேன்தான் தருகிறார்கள். ஸ்கேனரும் அதே சராசரிப் புத்திதான். முடியாது என்றால் இன்னொரு லேபைத் தேடுங்கள்.

தெரிவது மட்டுமே விடுதலை என்றும் நான் நம்பவில்லை. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் கையில் வைத்திருந்தே ஆக வேண்டிய பாஸ் புத்தகங்களுக்குப் படம் எடுக்கப் போலராய்டு கேமரா பயன்பட்டது. மின்னொளியைக் கூட்டுவதற்கென்றே அதில் ஒரு பொத்தான் இருந்தது. முகம் தெளிவாக விழ வேண்டும் என்ற அக்கறை அங்கே யாருக்காக? 1970இல் அந்தக் கம்பெனியிலேயே வேலை செய்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் இதைக் கண்டுபிடித்துப் போராடினார்கள். 1977இல் கம்பெனி அந்நாட்டை விட்டு வெளியேறியது. போலீஸ் ஸ்டேஷனிலும் நம் முகத்தைத் தெளிவாகத்தான் எடுக்கிறார்கள். யார் கேட்டு, யாருக்காக, எந்த முகத்தை அளந்து எடுக்கிறார்கள் என்பதிலிருந்து எக்ஸ்போஷரைப் பிரிக்க முடியாது. ஊர்வலத்தில் முகம் தெரியக் கூடாதவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

கடைசியாக, நம் வீடுகளில் கிடக்கும் பழைய நெகட்டிவ்கள். 1980களிலும் 90களிலும் எடுத்த கூட்டங்கள், உண்மை அறியும் குழுக்கள், எரிந்த தெருக்கள், பிரிக்கப்பட்ட தேநீர்க் குவளைகள். பிரிண்ட் எல்லாம் கறையான் தின்றிருக்கும் அல்லது கொடுத்தவர் திருப்பித் தந்திருக்கமாட்டார். நெகட்டிவ் மட்டும் டிரங்குப் பெட்டியில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் இருக்கும். அமெரிக்காவில் கார்டன் பார்க்ஸ் 1956இல் அலபாமாவின் இன ஒதுக்கலைக் கலரில் எடுத்தார். 2006இல் அவர் இறந்தபிறகு, தொலைந்ததாக நினைத்திருந்த அந்தப் படங்களில் 200க்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் ஒரு பெட்டியிலிருந்து கிடைத்தன. நம் பெட்டிகளை யாரும் இன்னும் திறக்கவில்லை.

திறக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரிண்டைப் பார்த்து முகம் போய்விட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். பிரிண்ட் போட்டது மெஷின். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில், ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அங்கே எல்லாம் தலைகீழ். வெள்ளைச் சட்டை கறுத்துக் கிடக்கும், நம் முகம் வெளிறித் தெரியும். பல்சக்கர ஓட்டைகளுக்குப் பக்கத்தில், எதுவும் பதியாத ஓரத்தின் ஆரஞ்சு நிறத்தை முதலில் பாருங்கள். பிறகு முகம் இருக்கிற இடத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆரஞ்சு என்றால் அங்கே ஒன்றும் இல்லை. ஓரத்தைவிடக் கொஞ்சமாவது அடர்த்தியாக, உள்ளே மூக்கின் கோடு மாதிரி ஏதாவது தெரிந்தால் முகம் இருக்கிறது. நல்ல ஸ்கேனரில், முகத்துக்கு அளந்து எடுத்தால் வரும். அப்படித் தேறியவற்றைக் காற்றோட்டமான காகித உறையில் போட்டு, உறையின் மேல் ஊர், தேதி, முடிந்தால் ஆட்களின் பெயர்களைப் பென்சிலால் எழுதிவையுங்கள். பெயர் சொல்லக்கூடிய கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்தக் கோடை விடுமுறையிலேயே போய்க் கேளுங்கள்.